வாத்து மூக்கு வால்வு

பால்சுறா மீன் சாப்பிட்டால் பிரெஸ்ட் பம்ப் சரியாகிவிடும் என்று நம்பிய ஒரே ஆள், இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி அடைமழையில், சிதம்பரத்தில். எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட். ஒரே மகள். கல்யாணமாகி பெங்களூரில் இருந்தவளை, வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அவள் கை வளையல் சத்தம் வீட்டுக்குப் பழகுவதற்குள், ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. கடலூரில் பார்த்த டாக்டரம்மா, "இங்க வச்சிருக்க வேணாம் சார், குறைமாசக் குழந்தைய பாக்குற வசதி இருக்கிற இடத்துக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸில் சிதம்பரம் போனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு தரம் பார்த்தேன். லேபில் பீக்கர் அடுக்குகிற தட்டு இருக்கிறதே, அதில் படுக்க வைத்தால்கூட இடம் மீதி இருக்கும். அவ்வளவு சின்னது. மூக்கில் டியூப், காலில் ஒயர். இத்தனைக்கும் நடுவில் ஒரு கொட்டாவி விட்டது பாருங்கள், "யாருய்யா அது, இவ்ளோ சீக்கிரம் எழுப்பினது" என்று கேட்கிற மாதிரி. "நம்ம குடும்பம்தான், சந்தேகமே இல்ல" என்றேன் என் மனைவியிடம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

குழந்தையை இன்குபேட்டர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி கிடையாது. "தாய்ப்பால்தான் இப்ப மருந்து. சப்பிக் குடிக்க அதுக்குத் தெம்பு இல்ல. நீங்க எடுத்துக் குடுங்க, நாங்க டியூப் வழியா குடுக்குறோம்" என்றார் டாக்டர்.

அப்படித்தான் எங்கள் வாழ்க்கைக்குள் அந்த பம்ப் வந்தது. கொண்டுவந்தவன் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. கடலூர் துறைமுகத்தை ஒட்டி, முதுநகரில் இருக்கிறான். அவன் மகள் உபயோகித்த பம்ப்.

"பரண்ல சும்மாதான் மாமா தூங்குது. எங்க பேரன் இதுல குடிச்சுத்தான் இப்புடி குண்டானான். ராசியான மிஷின்" என்றான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு சாமான் எதுவும் ஒரு வீட்டோடு நிற்காது. தொட்டில் கம்பி, கொசுவலை, குளிப்பாட்டுகிற டப்பு எல்லாம் சொந்தத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலும் குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்த வீட்டுச் சாமான் என்றால் மவுசு ஜாஸ்தி. அதனால் பம்ப்பைப் பார்த்ததும் 'எந்தக் குழந்தைக்கு' என்றுதான் எல்லோரும் விசாரித்தார்கள். 'எவ்வளவு நாள் ஓடியது, உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் எப்படி இருக்கிறது' என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஸ்விட்ச் போட்டால் 'வ்ர்ர்... வ்ர்ர்...' என்று ஜோராகச் சத்தம் வந்தது. சத்தம் போட்டால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மிக்ஸியையும் என்னையும்கூட எங்கள் வீட்டில் அப்படித்தான் எடை போடுவார்கள்.

அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றில் ரூம் எடுத்தோம். மகளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். குழந்தை மட்டும் உள்ளே. மகள் ரூமில் பால் எடுப்பாள். நானோ மனைவியோ அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவள் சின்ன டப்பாவைத் துணியில் சுற்றி, மழையில் நனையாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வருவாள். கதவுக்குள் போய் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வருவாள்.

பம்ப்பைக் கழுவிக் கொதிக்க வைக்கும் உத்தியோகம் எனக்கு. மாப்பிள்ளை லீவு முடிந்து பெங்களூருக்குப் போய்விட்டார். சனி, ஞாயிறு வருவார். மனைவி மகளைக் கவனிக்க வேண்டும். மீதி இருந்தது நான்தான். லேபில் கண்ணாடிச் சாமான் கழுவிய கை. ஒவ்வொன்றாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, இண்டக்‌ஷன் அடுப்பில் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் வரிசையாக வைப்பேன். நெஞ்சில் வைக்கிற புனல் ஒன்று, பாட்டில் ஒன்று, ஒரு மெல்லிய ரப்பர் தட்டு, மோட்டாருக்குப் போகிற டியூப். கடைசியாக, புனலுக்குக் கீழே மாட்டுகிற ஒரு குட்டி வெள்ளை ரப்பர். முனை தட்டையாக, வாத்து மூக்கு மாதிரி இருக்கும். அதன் வாயில் ஒரு சின்னக் கீறல். உறிஞ்சும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், விடும்போது திறந்து பாலைக் கீழே விட வேண்டும். அதுதான் வால்வு. "வாத்தைக் குளிப்பாட்டிட்டேன்" என்று தினமும் அறிவிப்பேன். முதலில் மகள் சிரித்தாள்.

நாள் ஆக ஆகப் பால் குறைந்தது.

முதலில் டப்பாவில் பாதி வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. கடைசியில், பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. மோட்டார் மட்டும் வ்ர்ர், வ்ர்ர் என்று நேர்மையாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் பாட்டிலையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தால், "இன்னும் கொஞ்சம் எடுக்கப் பாருங்கம்மா" என்று சிஸ்டர் சொல்வாராம். அந்த ஒரு வாக்கியத்தை அவள் லாட்ஜ் வரைக்கும் சுமந்துகொண்டு வருவாள். குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. "பத்தலைன்னு சொல்லிட்டா என்னாப்பா பண்றது" என்றாள் ஒரு நாள்.

மனைவி என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "பொண்ணுக்குப் பால் வத்துதுங்க. கவலைப்பட்டே வத்துது. பால்சுறா கிடைக்குமா பாருங்க."

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் ஊரில் டாக்டருக்கும் மேலான உத்தரவு. நான் மச்சானுக்கு போன் போட்டேன்.

"மழையில போட்டே போவல மாமா. சுறாவுக்கு எங்க போறது?"

"நீ துறைமுகத்துல பொறந்தவன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியே, இப்பக் காட்டு உன் செல்வாக்க."

"நான் பொறந்தது கவர்மென்ட் ஆஸ்பத்திரில மாமா" என்றான். ஆனாலும் எங்கெங்கோ சொல்லி வைத்து, மறுநாள் ஐஸ் பெட்டியோடு பைக்கில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். மனைவி அதே இண்டக்‌ஷனில் சுறாவை வேக வைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்தாள். மாடி முழுக்க வாசனை. லாட்ஜ் மேனேஜர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "சார், பசங்க பரிட்சைக்குப் படிக்குறாங்க." நான் ஒரு கிண்ணத்தில் புட்டு போட்டு அவர் கையில் கொடுத்தேன். "சாப்டுட்டுச் சொல்லுங்க சார். பரிட்சையை அப்புறம் பாத்துக்கலாம்." அதற்குப் பிறகு அவர் மாடிப் பக்கமே வரவில்லை. கிண்ணமும் வரவில்லை.

மகள் சாப்பிட்டாள். காலையிலும் மதியமும் அதுதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சாப்பிட்டாள். பிறகு பம்ப்பை வைத்தாள். வ்ர்ர், வ்ர்ர். பாட்டிலின் அடியில் நாலு சொட்டு.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பயம் வந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "மாட்டுக்கே பாட்டு போட்டாத்தான் கறக்குமாம். உனக்கு என்ன பாட்டு வேணும், சொல்லு?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாடா இருந்தாக்கூட குடுத்திருப்பேன்பா" என்றாள். பம்ப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கழுவவேண்டிய சாமானெல்லாம் கையில் இருந்தது. என்ன தோன்றியதோ, ஸ்விட்ச் போட்டுப் புனலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கை காய்த்துப்போன கை. அதை நம்ப முடியாது. சரியென்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வ்ர்ர் என்கிறதே தவிர, கன்னத்தை இழுக்கவே இல்லை. புனல் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது, அசட்டுப் பிள்ளை முத்தம் கொடுக்கிற மாதிரி.

லேபில் எங்களிடம் ஒரு காற்று பம்ப் இருக்கிறது. கண்ணாடி ஜாடிக்குள் மணியை அடிக்க விட்டு, காற்றை உறிஞ்சினால் மணிச் சத்தம் தேய்ந்து நின்றுவிடும். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். சத்தம் நிற்கவில்லை என்றால் நான் மோட்டாரைத் தொடவே மாட்டேன். நேராக வாஷரைத்தான் பார்ப்பேன். எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை, இத்தனை நாள் என் கையில் இருந்த மிஷின், இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு சுறா தேவைப்பட்டிருக்கிறது.

வாத்து மூக்கை எடுத்து பாத்ரூம் பல்புக்கு நேராகப் பிடித்தேன். அந்தக் கீறல் மூடிக்கொள்ளவே இல்லை. ஒரு ஓரம் மயிரிழை அளவுக்குக் கிழிந்து, வாய் பிளந்து நின்றது. ஏற்கெனவே ஒரு குழந்தையை வளர்த்துக் கொடுத்துவிட்டுப் பரணில் காய்ந்த ரப்பர், கொதிக்கக் கொதிக்க வாழ்க்கையை வெறுத்திருக்கிறது. பம்ப் உறிஞ்சியது அத்தனையும் காற்று.

ஒரு தரம் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று மறுபடியும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றேன். அந்த நேரம் பார்த்து மனைவி கதவைத் திறந்தாள்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"பால் வத்தலடி" என்றேன். அவளுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவகிட்ட சொல்லுங்க, மொதல்ல அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மகள் எழுந்து உட்கார்ந்து வால்வை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீ எதுக்கெடுத்தாலும் இப்புடித்தாம்பா ஏதாவது சொல்லுவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது 'வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்று நான் சொல்வேனே, அதைக் கேட்டவள் பேசுகிற மாதிரி பேசினாள்.

மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். அவர் உடனே ஆன்லைனில் வால்வைத் தேடினார். "மூணு நாள்ல வந்துடும் மாமா" என்றார். மூன்று நாள் எப்படிப் பொறுப்பது? சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி அதுவரைக்கும் கையால் எடுத்துக்கொண்டிருக்கட்டும் என்று முடிவானது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன மகள், "நைட்டு கொஞ்சம் மூச்சு வாங்குச்சாம், இப்ப பரவால்லைன்னு சொன்னாங்க" என்று வந்து சொன்னாள். அந்தப் பரவாயில்லையைப் பிடித்துக்கொண்டு நான் பம்ப்பை மஞ்சள் பையில் போட்டுக் கிளம்பினேன்.

சிதம்பரத்தில் ஏறி இறங்கிய மெடிக்கல் ஷாப்களில் முழு பம்ப் இருந்தது, வால்வு தனியாக இல்லை. கடைக்காரப் பெண்களிடம் 'பிரெஸ்ட்' என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பால் எடுக்குற மிஷினுக்கு வால்வு இருக்காம்மா?" என்று கேட்டால், "மாட்டுக்கா சார்?" என்றாள் ஒருத்தி. வேறு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். புது பம்ப்பே வாங்கலாம் என்று மகளுக்கு போன் செய்து கேட்டேன். "இந்தப் புனல்தாம்பா வலிக்காம இருக்கு, வேற எப்புடி இருக்குமோ" என்றாள். பஸ் பிடித்துக் கடலூர் வந்துவிட்டேன்.

லாரன்ஸ் ரோட்டில் குழந்தைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் கிடைத்தது. ஒரே அட்டையில் சில வால்வுகள் வைத்து அடைத்திருந்தது. புத்தம் புது வாத்துகள், வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு. "இதெல்லாம் மாத்திக்கிட்டே இருக்கணும் சார். பால் கம்மியானா மொதல்ல இதத்தான் பாக்கணும்" என்றார் கடைக்காரர், பைக்குக்கு ஆயில் மாற்றச் சொல்கிற மாதிரி சர்வசாதாரணமாக. அங்கேயே பம்ப்பை எடுத்து, புது வால்வை மாட்டி, அவர் பிளக்கில் சொருகி, கன்னத்தில் வைத்தேன். ஐயோ! கன்னம் புனலுக்குள் போய்விட்டது. பிடுங்கி எடுக்க வேண்டியதாகிவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை நாளில் அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தால், இடது கன்னத்தில் வட்டமாகச் சிவப்பாக ஒரு முத்திரை. கடைக்காரர், "வீட்டுல கேட்டா என்னா சார் சொல்லுவீங்க?" என்றார்.

அதற்குத்தான் பஸ்ஸில் பதில் யோசித்துக்கொண்டு போனேன். ஜன்னலை மூடியும் சாரல் அடித்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, வால்வு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகள் கேட்பாள், நான் இப்படிச் சொல்வேன், அவள் சிரிப்பாள் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இந்த ரப்பரை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. சுறாவை நம்பினவன்தானே.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் மகளும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி தலையைக் குனிந்திருந்தாள். மகள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கன்னத்துல என்னாப்பா?" என்றாள்.

"உங்கம்மா குடுத்த முத்தம்" என்றேன், ஒத்திகை பார்த்த அதே சிரிப்போடு.

யாரும் சிரிக்கவில்லை. மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடுச்சுங்க" என்றாள். "உங்களுக்குப் பண்ணலாம்னு போன எடுத்தேன், மனசு வரல, வச்சிட்டேன். பஸ்ல தனியா வருவீங்கன்னு..."

நுரையீரல் வளரவில்லை, கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டது, முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது தரம் அப்போதுதான் பேத்தியைப் பார்த்தேன். எந்த டியூபும் இல்லாமல், ஒயரும் இல்லாமல். கன்னத்தில் அந்தச் சிவப்பு வட்டத்தோடு நான் அவளை வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்ததும் கடலூரில் அடக்கம் செய்தோம். பச்சைக் குழந்தை என்பதால் எரிப்பது இல்லை. மச்சான் மழையில் முன்னால் நடந்து போய்க் குழிக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பம்ப் பற்றி யாரும் பேசவில்லை. பையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். வால்வு அட்டை மட்டும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. தூக்கிப் போடவும் மனசில்லை, வெளியே எடுக்கவும் மனசில்லை.

குழந்தை இல்லை என்றால் பாலும் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், குழாயை மூடின மாதிரி. உடம்புக்கு யார் போய்ச் செய்தி சொல்வது? அடுத்த நாளே மகளின் நைட்டி நனைந்தது. அவள் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தாள். மனைவி சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், "மல்லிகைப்பூ வேணும். உதிரியா, நெறைய" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பால் நிற்க வேண்டுமென்றால் மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள். சுறா தேடி அலைந்தவன் பூ தேடிப் போனேன். மழைக்காலத்தில் மல்லி வரத்து இல்லை. மார்க்கெட்டில் ஒரு அம்மா கூடைக்கு அடியிலிருந்து அரும்பும் மலருமாக அள்ளிப் போட்டார்.

"இந்த சீசன்ல இவ்ளோ பூ வாங்குறீங்களே, வீட்டுல விசேஷமா சார்?"

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அன்றைக்கு, "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன். "நல்லா நடக்கட்டும்" என்று மேலே ஒரு கை அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. நான் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பூ கட்டியும் அடங்கவில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்தார். "கட்டினத அப்படியே விடக்கூடாது. வலி குறையுற அளவுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க. முழுசா எடுக்காதீங்க, அப்புறம் ஊறிக்கிட்டே இருக்கும். தானா கொறைஞ்சு நின்னுடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். எல்லாவற்றையும் கழுவிக் கொதிக்க வைத்தேன். இந்தத் தடவை எந்த அறிவிப்பும் செய்யவில்லை. புது வால்வை மாட்டி மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் கூடத்தில் நின்றேன். வ்ர்ர், வ்ர்ர் என்று அதே சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

"அப்பா, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டில் மடியில் இருந்தது. கழுத்து வரை பால். டாக்டரம்மா சொன்ன 'கொஞ்சம்' வருவதற்குள் பாட்டிலே நிரம்பிவிட்டது.

"இருந்திருக்குப்பா" என்றாள்.

வால்வைக் கண்டுபிடித்த அன்றைக்கு இந்தப் பாட்டிலைப் பார்த்திருந்தால் லாட்ஜே அதிரக் கத்தியிருப்பேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "எனக்கு இருந்திருக்கு. அவளுக்குத்தான் போவல. பசியோடயே போயிட்டாப்பா" என்றாள். அதன் பிறகு சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே திரும்பிக்கொண்டாள். மனைவி ஊட்டிவிட்டாலும் வாயைத் திறக்கவில்லை. "அவ சாப்புடல" என்பாள், அவ்வளவுதான்.

டாக்டர் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு வேண்டியிருந்தது வேறு ஒரு பதில். குழந்தைக்குப் பால் பத்தியதா என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை. 'ஆமாம், பத்தலதான்' என்று சொல்லிவிட்டால்? ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல், சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அட்டையில் மீதி வால்வுகள் பிரிக்காமல் இருந்தன. பிச்சாவரம் பக்கத்து மீன்பிடி கிராமங்களிலிருந்தெல்லாம் பெண்கள் அந்த ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருத்திக்கு ஆகட்டும் என்று சிஸ்டர் கையில் கொடுத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் வால்வு கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "சிஸ்டர், அந்தக் குழந்தைக்குப் பால் பத்தலையா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யார் சார் சொன்னது? உங்க பாப்பாவுக்கு ஒரு வேளைக்கு ரெண்டு மூணு மில்லிதான் சார் டியூப்ல போகும். அதுக்கு மேல அந்த வயிறு தாங்காது. உங்க பொண்ணு ஆரம்பத்துல கொண்டாந்ததுலயே அதப் போக மீதி எப்பவுமே ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு."

"இன்னும் எடுங்கன்னு சொன்னீங்களாமே?"

"பாப்பா வளர வளர நெறைய வேணுமேன்னு சொன்னோம் சார். இப்பவே நல்லா எடுத்துப் பழகுனாத்தான் அப்ப வரும்." வால்வு அட்டையைக் கையில் திருப்பிப் பார்த்தார். "வளரும்னுதான் நாங்களும் நெனச்சோம்."

வராந்தாவில் அதே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். பிறகு வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். சிஸ்டர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவா, இல்ல என்னத் தேத்துறதுக்குக் கதை விடுறியா?"

வாழ்நாள் முழுக்க நான் அடித்த கிண்டலுக்கெல்லாம் சேர்த்து ஒரே பில்லாக வந்தது அந்தக் கேள்வி. சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாள். சத்தியத்தையும் காமெடியாகச் செய்திருக்கிறேன். சிஸ்டரிடம் இதை எதிர்பார்த்தே, "நீங்க ஒரு வார்த்தை பேச முடியுமா" என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். டூட்டி முடிந்ததும், சொன்ன மாதிரியே போன் செய்தார். மகள் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். அவர் பேசப் பேச, இவள் "ம்" என்றாள். பிறகு, "ஃப்ரிட்ஜ்லயா?" என்றாள். மறுபடி "ம்". கடைசியில், "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றாள். உள்ளே வந்து போனை என்னிடம் கொடுத்தாள்.

"பசியோட போவலயாம்பா" என்றாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, குழந்தை போன நாளிலிருந்து முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்ததும் அவள் அம்மா சோறு பிசைந்துகொண்டு வந்தாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள்.

அந்த பம்ப்பை மச்சான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அது ராசியில்லாத பம்ப் ஆகிவிட்டது. சொந்தத்தில் யாரும் கேட்பதில்லை. எங்கள் லேப் அலமாரியில், மணி ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சொந்தத்தில் யாராவது பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்றால், நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். கிளம்பும்போது அப்பன்காரனைத் தனியாகக் கூப்பிட்டு, "ராசியெல்லாம் இருக்கட்டும், வால்வைப் புதுசா மாத்திடுங்க" என்பேன். ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், மாற்றினால் சரி. என் மகளும் எப்போதாவது, எந்தப் பேச்சுக்கு நடுவிலாவது, "அந்த சிஸ்டர் பொய் சொல்லலல்ல?" என்று கேட்கிறாள். அப்போது மட்டும் நான் கிண்டல் எதுவும் சேர்க்காமல் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன்.

என் மகளுக்குப் பால் வற்றவில்லை, வால்வுதான் கிழிந்திருந்தது. குழந்தை போனது நுரையீரலால். இருந்த நாள் வரைக்கும் அவள் குடித்தது அவள் அம்மாவின் பாலை மட்டும்தான், அது ஒரு வேளைகூட அவளுக்குக் குறையவில்லை.